நங்கூரத்தில் நின்ற ஊர்

ஜெபல் அலிக்கு வெளியே, கரையிலிருந்து பார்த்தால் ஒரு புள்ளியாகத் தெரியும் தூரத்தில், எங்கள் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. மற்ற கப்பல்களுக்கு டீசல் கொண்டுபோய் ஊற்றுகிற சின்ன டாங்கர் அது. நான் அதில் பண்டாரி. சமையல்காரனைக் கப்பலில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ராமநாதபுரத்துக் கடலோரத்தில் எனக்கு ஊர். வாப்பா கடை வைத்துக் கெட்டவர் என்பதால் நான் கடலுக்கு வந்தேன்.

முதலாளி கப்பலைக் கைவிட்டுவிட்டான் என்பது முதலில் தெரிந்தது எனக்குத்தான். அவன் போனை எடுப்பதில்லை என்று கேப்டன் கவலைப்படத் தொடங்குவதற்கு முன்பே, ஸ்டோருக்கு வரவேண்டிய சாமான்கள் வரவில்லை. முதலில் காய்கறி நின்றது. அப்புறம் கோழி. அப்புறம் கரையிலிருந்த முதலாளியின் ஏஜெண்ட் அனுப்பும் படகே வருவதில்லை. "நாளைக்கு வரும் பாய், இன்ஷா அல்லாஹ்" என்று ஏஜெண்ட் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். டாங்கரில் விற்க டீசல் இல்லை, எங்கள் ஜெனரேட்டருக்கும் டீசல் இல்லை. ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டுவோம். அந்த நேரத்தில் எல்லோரும் போனைச் சார்ஜ் போட்டுக்கொள்ள வேண்டும்.

இறங்கிப் போய்விட வேண்டியதுதானே என்று ஊரில் கேட்பார்கள். என் மனைவியும் கேட்டாள். பாஸ்போர்ட் எல்லாம் ஏஜெண்டிடம். கரையில் கால் வைக்க எங்களிடம் விசா இல்லை. ஆளில்லாமல் ஒரு கப்பலை நங்கூரத்தில் விடவும் சட்டத்தில் இடமில்லை. நம் இடத்துக்கு வேறு ஆள் வந்தால்தான் நாம் இறங்கலாம். சம்பளம் வராத கப்பலுக்கு யார் வருவான்? பகலில் டெக்கில் நின்றால் துபாயின் கட்டடங்கள் தூசிக்குள் மங்கலாகத் தெரியும். அங்கே எங்கள் ஊர்க்காரர்களே எத்தனையோ பேர் கடை வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் போனில் பேசுவார்கள். துஆ செய்வதாகச் சொல்வார்கள்.

நாங்கள் பதினோரு பேர். இந்தியர்கள், பங்களாதேஷ்காரர்கள், பிலிப்பினோக்கள். கேப்டன் வடநாட்டுக்காரர், ஓய்வு பெறும் வயது. என்னைத் தவிர இன்னொரு தமிழன், இன்ஜின் ரூமில் ஆயில்மேன். கடலூர்ப் பக்கம். முப்பது வயதுகூட இருக்காது. கல்யாணம் நிச்சயமாகிவிட்டு வந்தவன். என்னைப் பாய் என்பான், நான் அவனைத் தம்பி என்பேன்.

சாரங்கு ஒருவர்தான் யாருக்கும் ஊர்க்காரரில்லாதவர். டெக் ஆட்களுக்கு மேஸ்திரி. துவாலு என்று ஒரு நாடு இருப்பதே அவரைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். பசிபிக் கடலின் நடுவில் ஒன்பது சின்னத் தீவுகள். அதில் கடைசித் தீவு அவருடையது. அங்கே ஆண்பிள்ளைகள் கப்பலுக்குப் போவது வழக்கமாம். நல்ல கம்பெனிக் கப்பல்களில் இருந்துவிட்டு, அந்த வேலைகள் குறைந்துபோன பிறகு இந்த ஓட்டைக் கப்பலுக்கு வந்திருந்தார். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுவார். கப்பல் இங்கிலீஷில் கொஞ்சம் ஹிந்தி கலந்து அவர் பேசியதை நான் என் தமிழில்தான் சொல்ல முடியும்.

சாமான் குறையக் குறைய ஆட்கள் மாறினார்கள். நூடுல்ஸ் பொட்டலங்கள் கேபினுக்குள் போய்விட்டன. ஒருநாள் காலையில் ஸ்டோர் கதவின் பூட்டு உடைந்து கிடந்தது. பருப்பு மூட்டையைக் காணோம். நான் கத்தினேன். ஒரு பங்களாதேஷ்காரனும் ஒரு பிலிப்பினோவும் ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கேப்டன் மேலேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று மத்தியானம் சாரங்கு டெக்கில் பழைய தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். நிழலானதும் எல்லோரையும் கூப்பிட்டார். கேப்டனையும் தாமே மேலே போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

"எங்க தீவுல ஒரு கூடம் இருக்கு. சுவர் கிடையாது, தூண்தான். ஒவ்வொரு குடும்பத்துப் பெரியவருக்கும் ஒரு தூண். அதுல அவர்தான் சாய்ஞ்சு உக்காரணும். யார் என்ன பேசினாலும் அங்க உக்காந்துதான் பேசணும். நின்னு பேசினா சண்டை."

எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு குடும்பம் மீன் எங்க இருக்குன்னு பாக்கும். ஒரு குடும்பம் வீடு கட்டும். ஒரு குடும்பம் காவல். அந்த வேலையை வேற யாரும் தொடமாட்டாங்க. எங்க குடும்பத்து வேலை, பங்கு பிரிக்கிறது."

நான் தமிழில் சொன்னதும் ஆயில்மேன் சிரித்தான். "பங்கு பிரிக்கிறதெல்லாம் ஒரு வேலையா பாய்?"

அவன் என்ன கேட்டான் என்று சாரங்குக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இருக்கிறதுலயே அதான் கஷ்டம். ஊரே சேந்து பிடிச்ச மீன் கரையில கிடக்கும். கிழவி, கைக்குழந்தை, நோயாளி, எல்லாருக்கும் பங்கு. பிரிக்கிறவன் வீட்டுப் பங்கு கடைசி. சரியா பிரிச்சா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. தப்பா பிரிச்சா பேரன் காலம் வரைக்கும் சொல்லுவாங்க."

அன்றைக்கே வேலைகள் ஒதுக்கப்பட்டன. பிலிப்பினோக்களுக்குத் தூண்டில். பங்களாதேஷ்காரர்களுக்குக் காவலும் நங்கூரச் சங்கிலியும். ஆயில்மேனுக்குத் தண்ணீர், டாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதும் ஆளுக்கு ஒரு குவளை அளந்து ஊற்றுவதும் அவன் பொறுப்பு. கேப்டனுக்கு ரேடியோவும் போனும். கரையோடு பேசவேண்டியது அவர்தான், ஆனால் முடிவைத் தார்ப்பாய்க்குக் கீழேதான் எடுக்க வேண்டும். எனக்கு அடுப்பு. கேபினுக்குள் போனதெல்லாம் திரும்ப ஸ்டோருக்கு வர வேண்டும் என்றார் சாரங்கு. யார் எடுத்தது என்று கேட்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் பருப்பு மூட்டை ஸ்டோர் வாசலில் இருந்தது.

கொஞ்ச காலம் அது நடந்தது. நடந்தது என்பதை இன்றைக்கு நினைத்தால் எனக்கே நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது. தினமும் தூண்டிலில் விளைமீன் வரும். இந்தப் பக்கம் ஷேரி என்பார்கள். சில நாள் பாரை மீன். மீனை டெக்கில் வரிசையாகப் பரப்பி, சாரங்கு குனிந்து உட்கார்ந்து பெரியதும் சின்னதுமாகச் சேர்த்துக் கூறு போடுவார். முடித்துவிட்டு எல்லோரையும் பார்த்து, "சரியா?" என்று கேட்பார். சரி என்று ஒவ்வொருவரும் வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. பிறகுதான் அது என் அடுப்புக்கு வரும். அவருடைய தட்டில் வாலும் தலையுமாகத்தான் விழும்.

கேப்டனுடைய விஷயம் அப்போதுதான் நடந்தது. அவருக்குத் தேநீர் கொண்டுபோனபோது கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டி நிறையத் தண்ணீர் பாட்டில்களைப் பார்த்தேன். நாங்கள் டாங்கியின் துரு வாடை அடிக்கும் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்தோம். நான் சாரங்கிடம் மட்டும் சொன்னேன். அவர் அதைக் கூட்டத்தில் கேட்டுவிட்டார்.

"நான் இந்தக் கப்பலுக்குக் கேப்டன்" என்றார் கேப்டன். முகம் சிவந்துவிட்டது. "என் கேபினைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமை இல்லை."

"ஆமா. நீங்க கேப்டன்" என்றார் சாரங்கு. "அதனாலதான் நீங்க சொல்லாம நாங்க எடுக்கல. எங்க தீவுல தலைவர் தப்பு பண்ணினா யாரும் திட்டமாட்டாங்க. அவர் சரி பண்ற வரைக்கும் கூட்டம் கலையாது. அவ்வளவுதான்."

யாரும் எழுந்திருக்கவில்லை. வெயில் தார்ப்பாயைத் தாண்டி எங்கள் கால்மேல் வந்தது. நாக்கு வறண்டுவிட்டது. கடைசியில் கேப்டன் எழுந்துபோனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தோம். பெட்டியைத் தாமே தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்து ஆயில்மேன் முன்னால் வைத்தார். ஆயில்மேன் ஒரு பாட்டிலைத் திறந்து முதல் குவளையை அவருக்கே ஊற்றிக்கொடுத்தான். அந்தக் கிழவர் அதைக் குடிக்கும்போது அழுதார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாரங்கு எங்களை இரண்டு பக்கமாகப் பிரித்தார். அவர்கள் தீவில் ஊர் இரண்டு பக்கமாக உட்கார்ந்து போட்டிக்குப் பாடுமாம். மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டுக் கையால் அடித்துக்கொண்டு, மெதுவாகத் தொடங்கி வேகம் ஏற்றிக்கொண்டே போவார்கள். எங்கள் பக்கத்தில் ஆயில்மேன் கும்மிப் பாட்டை எடுத்துவிட்டான். எதிர்ப்பக்கம் பிலிப்பினோக்கள். அடுத்து நின்ற கப்பலிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பாட்டு முடிந்து மூச்சு வாங்கும்போது ஆயில்மேன் என் காதில் சொன்னான்: "பாய், இந்த ஆளு நம்மள வச்சு ஊரு கட்டிட்டாரு."

ஆனால் அவருடைய ஊர் அங்கே கலைந்துகொண்டிருந்தது. மனைவி போனில் சொல்லுவதைக் கேட்டுவிட்டு எங்களிடம் சொல்லுவார். அந்தத் தீவில் மண்ணைத் தோண்டிக் குழிக்குள்தான் கிழங்கு போடுவார்கள். கடல் ஏறியதில் குழிகளில் உப்பு ஊறிக் கிழங்கு அழுகிவிட்டது. பெரிய நாடு ஒன்று குலுக்கல் போட்டுத் துவாலுக்காரர்களுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தது. பெயர் வந்தவர்கள் கிளம்பினார்கள். மீன் இருக்கும் இடம் பார்க்கிற குடும்பம் போய்விட்டது. வீடு கட்டுகிற குடும்பத்தில் ஒரு கிழவர்தான் மிச்சம். கூடத்தில் பாதித் தூண்களில் சாய ஆளில்லை என்றார்.

பிறகு அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெயர் வந்தது. அவரும் போகலாம், ஆனால் அவர் வந்து சேர்ந்தால்தானே? அவள் காத்திருப்பதாகச் சொன்னாள். அவர் காத்திருக்க வேண்டாம் என்றார். அதற்காக இருவரும் போனில் சண்டை போட்டார்கள். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. சண்டை தெரியும்.

அந்தச் சமயத்தில் ஏஜெண்டிடமிருந்து கேப்டனுக்குப் போன் வந்தது. மூன்று பேரை மட்டும் இறக்கலாம், மற்றவர்கள் கப்பலைக் காக்க இருக்க வேண்டும் என்றான். தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்தோம். யார் போவது என்று பேசி முடிக்க ஒரு பகல் ஆனது. நெஞ்சு வலி என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு பங்களாதேஷ்காரர், மனைவிக்குப் பிரசவம் நெருங்கிய ஒரு பிலிப்பினோ. மூன்றாவது பெயரைக் கேப்டன்தான் சொன்னார்: சாரங்கு. அவர் மறுத்தார். "பிரிக்கிறவனுக்குக் கடைசிப் பங்கு" என்றார்.

"இது மீன் இல்ல சாரங்கே" என்றேன். "உங்க பொண்டாட்டி புள்ள கிளம்புறாங்க. சரின்னு சொல்லுங்க."

ஒவ்வொருவராகச் சரி என்றோம். ஆயில்மேனும் சொன்னான். கடைசியில் அவரும் சொன்னார். அன்றைக்கு அவர் தாடி மழித்துக்கொண்டார்.

படகு வந்தது. ஏணியில் ஏறி வந்த ஏஜெண்டின் ஆள் நாங்கள் முடிவு செய்த பெயர்களைக் கேட்கவில்லை. அவன் கையில் வேறு மூன்று பெயர்கள் இருந்தன. பாக்கிச் சம்பளத்தைக் கேட்கமாட்டோம் என்று போனிலேயே ஒப்புக்கொண்ட மூன்று பேர். முதல் பெயர் ஆயில்மேன்.

அவன் பையோடு வந்து நின்றான். இன்ஜின் ரூம் அழுக்கெல்லாம் தேய்த்துக் குளித்திருந்தான். அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து எடுத்தான் என்று யாரும் கேட்கவில்லை.

"பாய், பொண்ணு வீட்ல இந்த மாசத்தோட முடியலன்னா வேற எடம் பாக்குறோம்னுட்டாங்க. நான் என்னா பண்ணுவேன்? நீங்களே சொல்லுங்க."

 கேப்டன் ஏஜெண்டின் ஆளிடம் ஹிந்தியில் கெஞ்சினார். சாரங்கைக் காட்டி, இந்த மனிதரையாவது கூட்டிக்கொண்டு போ என்றார். அவன் "மாஃபி, மாஃபி, இந்த மூணு பேர்தான், கல்லாஸ்" என்று, இல்லை, முடிந்தது என்பதை அரபியில் சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினான். ஆயில்மேன் சாரங்கிடம் போய்க் கையை நீட்டினான். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். படகில் ஆடாமல் உட்காரச் சொன்னார். 

மறுநாள் தூண்டிலில் மீன் வந்தது. டெக்கில் பரப்பிவிட்டுக் காத்திருந்தோம். அவர் கேபினிலிருந்து வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன்.

"நீயே பிரிச்சிரு குக்கு."

"நீங்க பிரிச்சாத்தான் சரியா இருக்கும்."

"ஒருத்தன் பிரிக்கிறதால பங்கு ஆகாது. இதுதான் என் பங்குன்னு வாங்கிக்க ஊர் வேணும். இங்க ஊர் இல்ல. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்."

நான் பிரித்தேன். எட்டுப் பேருக்கு எட்டுக் கூறு. அப்போதே இருவர் குறை சொன்னார்கள். ஒரு வாரத்துக்குள் தூண்டில் போட்டவனே மீனை வைத்துக்கொண்டான். தண்ணீர் டாங்கிக்குக் கேப்டன் பூட்டுப் போட்டார். சாவி அவர் கழுத்தில். தார்ப்பாய் காற்றில் கிழிந்தது, யாரும் கட்டவில்லை. என் அடுப்பில் முறை வைத்து ஆளாளுக்குச் சமைத்தார்கள். பெயருக்குத்தான் நான் பண்டாரி.

சாரங்கின் மனைவி பிள்ளைகளோடு விமானம் ஏறினாள். போய்ச் சேர்ந்த அன்று ஒரு போட்டோ அனுப்பினாள். எல்லோரும் தடித்த சட்டை போட்டுக்கொண்டு ஏதோ ஒரு கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறார்கள். அதை என்னிடம் காட்டினார். "குளிர் போல" என்றார். அவ்வளவுதான்.

துருப்பிடித்த படிக்கட்டு அவர் பாதத்தைக் கிழித்தது. சின்னக் கீறல். சர்க்கரை மாத்திரை எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. கீறல் புண்ணாகிக் கால் கறுத்தது. உப்பு நீரில் கழுவிக் கட்டுவேன். கட்டை அவிழ்க்கும்போது வருகிற வாடையை முகத்தில் காட்டாமலிருக்கப் பழகிக்கொண்டேன். கேப்டன் ரேடியோவில் ஒவ்வொரு நாளும் உதவி கேட்டார். அதை மட்டும் அவர் ஒருநாளும் விடவில்லை. கடைசியில் கடலோரக் காவல் படகு ஒன்று வந்தது. சாரங்கை ஸ்ட்ரெச்சரில் கட்டி இறக்கும்போது காய்ச்சலில் அவர் தம் மொழியில் யார் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் அந்தப் பெயர்களில் இல்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. ஏதோ ஒரு சேவைக் குழு டிக்கெட் போட்டுத் தீவுக்கு அனுப்பிவைத்தது. மனைவி இருக்கும் நாட்டுக்குப் போக வேறு காகிதங்கள் வேண்டியிருந்தன. அவை வருவதற்குள் அவளுடைய பேச்சும் குறைந்துவிட்டது என்றார், நான் கூப்பிட்டபோது. அக்கா மகள் வீட்டில் இருந்தார். அவளுக்கும் குலுக்கலில் பெயர் வந்திருந்தது. "நீங்களும் கூடப் போவீங்கள்ல?" என்றேன். அவர் என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். அப்புறம் சில மாதம் கழித்துக் கூப்பிட்டால் அந்த எண் போகவில்லை. இப்போதும் எப்போதாவது போட்டுப் பார்க்கிறேன்.

கப்பலைக் கோர்ட் ஏலத்தில் விட்ட பிறகுதான் நாங்கள் இறங்கினோம். கிடைத்ததில் பாதி வக்கீலுக்குப் போனது. நான் ஊருக்குப் போய்ச் சில மாதம் இருந்து, வேறு வழியில்லாமல் திரும்ப வந்தேன். இப்போது ஜெபல் அலியில் ஒரு லேபர் கேம்ப் மெஸ்ஸில் சமையல். கடல் பக்கத்தில்தான். நான் அந்தப் பக்கம் போவதில்லை. நூற்றுக்கணக்கான பேருக்குச் சோறு வடிக்கிறேன். வந்து வாங்கிக்கொண்டு, காதில் வயரை மாட்டிப் போனைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். யார் பெயரும் எனக்குத் தெரியாது.

போன மாதம் அந்த வரிசையில் ஆயில்மேன் நின்றான். மெலிந்து, முன்தலை வழுக்கையாகி. தட்டை நீட்டிய பிறகுதான் என்னைப் பார்த்தான்.

"பாய்!"

"எப்பப்பா இங்க வந்தே?"

"நாலஞ்சு மாசமாச்சு. வேர்ஹவுஸ் டூட்டி."

"கல்யாணம்?"

"அது அப்பவே போச்சு பாய். கரையில எறக்கிவுட்டு டிக்கெட்டு இல்லன்னுட்டான் அந்த ஏஜெண்ட்டு. துபாய்லயே, சோனாப்பூர் கேம்ப்ல ஒரு ரூம்ல கெடந்தேன். ஊருக்குப் போறதுக்குள்ள அவங்க வேற எடத்துல குடுத்துட்டாங்க." குரலைத் தாழ்த்தினான். "சாரங்கு நல்லாருக்காரா?"

சொன்னேன். கால் போனதைச் சொன்னேன். எண் போகாததையும் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் "ஜல்தி, பாய், ஜல்தி" என்று கத்தினார்கள். அவன் நகரவில்லை.

"அன்னிக்கு நான் ஒப்புக்காம இருந்திருந்தா, அவரை எறக்கியிருப்பாங்களா பாய்?"

"இல்லப்பா. ஒத்துக்கிட்ட வேற எவனையாவது எறக்கியிருப்பான். அவரை எறக்கியிருக்கமாட்டான்."

நான் நினைத்ததைத்தான் சொன்னேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அது அவனுக்கு ஆறுதலாகவும் இல்லை. கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. தட்டிலிருந்ததை இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டு ஓடினான். அடுத்த வாரம் அவர்கள் பிரிவை அபுதாபியைத் தாண்டி ருவைஸுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். நான் அவனுடைய எண்ணை வாங்கவில்லை. அவனும் கேட்கவில்லை.